ஏழில் விழுந்த கியர்பொக்ஸ்

பெருமைப்படக்கூடிய விசயங்களை ஒளித்துவைக்கும் பழக்கம் எனக்கில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் தம்பியின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸை ஒட்டுசுட்டான் தாண்டி நடுக்காட்டில் நிற்கவைத்தது நான்தான். டயர் வெடிக்கவில்லை, டீசல் தீரவில்லை, யானை மறிக்கவில்லை. ஒரு பாட்டுப் போட்டேன். அவ்வளவுதான்.

நானும் தம்பி குகனும் புரோகிரசிவ் ரொக் ரசிகர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரொக் இசையில் இது ஒரு தனிச் சாதி. ஒரு பாட்டுத் தொடங்கி முடிவதற்குள் ஒரு பானை சோறு வடித்து இறக்கிவிடலாம். பாடகர் வருவார், நாலு வரி பாடுவார், போய்விடுவார். பாட்டு அவர் இல்லாமலே நெடுந்தூரம் போகும். தாளமும் மற்றப் பாட்டுகளைப் போல நாலில் நிற்காது. ஐந்துக்குத் தாவும், ஏழுக்குத் தாவும். (அம்மாவின் விளக்கம் இதைவிடத் திறம்: "ஆளாளுக்கு வேற வேற பாட்டு வாசிக்கினம். ஆனா ஒண்டாத் தொடங்கி ஒண்டா முடிக்கினம்.")

வன்னியில் இந்த வியாதி பிடித்தவர்கள் எனக்குத் தெரிய நாலு பேர். தண்ணீரூற்றில் நானும் தம்பியும். துணுக்காயில் நெல் விதைக்கும் சிவா. உழவு இயந்திரத்தில் இருந்தபடியே காதில் மாட்டிக்கொண்டு கேட்பான். வவுனியாவில் கைபேசி திருத்தும் அன்ரன். நாலு பேருக்கும் ஒரு வட்ஸ்அப் குழு. ஒவ்வொரு மார்கழியும் அந்த ஆண்டின் ஆகச்சிறந்த அல்பம் எது என்று அதில் தீர்மானிப்போம். தீர்மானிப்போம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். சண்டை பிடிப்போம். உலகம் முழுக்க விமர்சகர்கள் இருந்துகொண்டு முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது வன்னியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றியதில்லை. அது அவர்களுடைய குறை என்றே அந்த வயதில் நினைத்தேன். (இப்பவும்தான்.)

தம்பியின் கலியாணத்துக்கு முந்திய மார்கழியில் போட்டி இரண்டு அல்பங்களுக்கு இடையில். பெயர்களைச் சொல்லமாட்டேன், சொன்னால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள். என்னுடையது ஒரு கிழட்டு ரயில் எஞ்சினின் கதை. கடைசிப் பயணத்தில் அது தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறது. தம்பியுடையது கடலுக்குள் மூழ்கிப்போன ஒரு நகரத்தின் கதை. ஒரே புல்லாங்குழலும் பெருமூச்சும்.

"அக்கா, உன்ர அல்பத்தில இசை எங்க இருக்கு? இரும்புக் கடைக்குள்ள மாடு பூந்த மாதிரிக் கிடக்கு" என்றான் தம்பி.

"உன்ர அல்பத்தைக் கேட்டு நித்திரை கொள்ளாத ஒரு ஆளைக் காட்டு, பாப்பம்" என்றேன் நான்.

அன்ரன் என் பக்கம். சிவா தம்பியின் பக்கம். இரண்டுக்கு இரண்டு. அந்த நேரத்தில்தான் குழுவுக்குள் ஐந்தாவது ஆள் வந்தார்: தம்பிக்கு நிச்சயமாகியிருந்த உருத்திரபுரத்துப் பெண் தர்சினி. கள்ள வோட்டுக்காக ஆள் சேர்க்கிறான் என்று நான் உடனேயே குழுவில் எழுதினேன். வரப்போகும் மச்சாளை வரவேற்க நான் எழுதிய முதல் வசனம் அதுதான். (என் பண்பாட்டை நினைத்தால் எனக்கே புல்லரிக்கிறது.) தர்சினி கோபிக்கவில்லை. "ரெண்டையும் வடிவாக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்று மட்டும் எழுதினார். பிறகு பேச்சு மூச்சில்லை. மார்கழி முடிந்து தை பிறந்து கலியாண நாளும் வந்துவிட்டது. வாக்கு வரவில்லை.

கலியாணம் உருத்திரபுரத்தில். மாப்பிள்ளைக்கு அலங்கரித்த கார் கிளிநொச்சியில் காத்திருந்தது. அதுவரைக்கும் மாப்பிள்ளை உட்பட எல்லோரும் ஒரே பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. நான் மாப்பிள்ளையின் அக்கா, ஆகவே தோழி. மணவறையில் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டியவள். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, ஒரு கணித ஆசிரியைக்குரிய பொறுப்போடு பஸ்ஸில் ஏறினேன். அம்மா மாப்பிள்ளையின் தலைப்பாகைப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தா.

பஸ்ஸின் சாரதி செல்வம் அண்ணை. சொந்த பஸ். புதிதாக ஒரு பிளேயரும், கடைசிச் சீற்றுக்குக் கீழே ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் பூட்டியிருந்தார். அதைக் காட்டுவதற்காகவே எங்கள் சவாரியை எடுத்தாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"ரீச்சர், போனைத் தாங்கோ, புளூடூத்தில இணைச்சுத் தாறன். உங்களுக்கு விருப்பமானதைப் போடுங்கோ" என்றார்.

அம்மாவும் சேர்ந்து சொன்னா: "நல்ல பாட்டாப் போடு பிள்ளை."

அம்மா விட்ட பிழை அது. 'நல்ல பாட்டு' என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு மாதமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவளிடம் அதைச் சொல்லியிருக்கக்கூடாது. நான் என் ரயில் அல்பத்தை முதல் பாட்டிலிருந்து போட்டேன். போட்டுவிட்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, முள்ளியவளையில் தொடங்கிய வாதத்தை ஒட்டுசுட்டான்வரை இழுத்துக்கொண்டு போனேன். சொந்தக்காரர் எல்லோரும் அக்கா தம்பிக்குப் புத்திமதி சொல்கிறாள் என்று நினைத்து எங்களைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டுசுட்டான் தாண்டி வீடுகள் குறைந்து காடு தொடங்கிய இடத்தில் பின்சீற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. பரமு மாமா. அம்மாவின் தம்பி. சொந்தமாக ஒரு உழவு இயந்திரம் வைத்திருப்பதால் உலகத்தில் உள்ள எல்லா இயந்திரங்களுக்கும் தானே பொறுப்பு என்று நினைப்பவர்.

"செல்வம், நிப்பாட்டு! கீழ என்னவோ அடிக்குது!"

பஸ் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. உண்மைதான். கடக், கடக், கர்ர்ர், டக். இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். பின்சீற்றுக்காரர்களுக்குக் கால் அதிர்ந்தது. செல்வம் அண்ணை பஸ்ஸை ஓரங்கட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். சத்தமும் நின்றது.

"கியர்பொக்ஸ்" என்றார் மாமா.

"போன மாசம்தான் செய்விச்சனான்" என்றார் செல்வம் அண்ணை, அழாத குறையாக.

ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். செல்வம் அண்ணை சாக்கை விரித்துப் பஸ்ஸுக்குக் கீழே போனார். மாமாவும் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். மாமி "வேட்டி, வேட்டி" என்று கத்தியது காட்டுக்குத்தான் கேட்டது. ஒரு பழுதும் தெரியவில்லை. ஏறி எஞ்சினை இயக்கினார்கள். கடக், கடக், கர்ர்ர், டக். நிறுத்தினார்கள். சத்தமில்லை. மறுபடி இயக்கினார்கள். கடக், கடக்.

அம்மா தலைப்பாகைப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாளாச்சியைக் கூப்பிடத் தொடங்கினா. முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பொம்பிளை வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தார்கள். "வந்துகொண்டிருக்கிறம்" என்று நான் சொன்னேன். நின்ற பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். தம்பி முகம் வெளிறிப்போய் இருந்தான். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தம்பி. அவனுடைய கலியாணம் இந்த முதிரை மரங்களுக்கு நடுவில் தப்பிப்போகப்போகிறதா?

கடைசி முறையாக இயக்கியபோது சத்தம் வரவில்லை. இதமாக ஒரு கீபோர்ட் இசை மட்டும் வந்தது.

"சுகம் வந்திட்டுது!" என்று கத்தினார் செல்வம் அண்ணை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டா. பஸ் புறப்பட்டது. மாமா தான் எதையோ தட்டிவிட்டதால்தான் சரிவந்தது என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் நம்பினோம்.

ஆனால் புரோகிரசிவ் ரொக்கில் ஒரு பகுதி முடிந்துவிட்டது என்று ஒருநாளும் நம்பக்கூடாது. போனது திரும்பி வரும். முதலில் வந்ததைவிடப் பலமாக வரும்.

கடக், கடக், கர்ர்ர், டக்!

பஸ்ஸுக்குள் ஒரு ஓலம். செல்வம் அண்ணை பிறேக்கை மிதித்தார். இந்த முறை எஞ்சினை நிறுத்தவில்லை; ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அப்படியே இருந்துவிட்டார். பஸ் ஓடவில்லை. சக்கரம் சுற்றவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தம்பியின் விரல் தன் முழங்காலில் மெல்லத் தட்டுவதைக் கண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இது ஏழில விழுது."

"என்னடா?"

"எண்ணிப் பார். ஏழு, ஏழு, பிறகு அஞ்சு. எந்த ஊரில கியர்பொக்ஸ் ஏழில பழுதாகும்?"

எண்ணினேன். ஏழுதான். என் ரயில் அல்பத்தின் மூன்றாவது பாட்டில், கிழட்டு எஞ்சினின் பற்சக்கரங்கள் ஒவ்வொன்றாக உடைகிற கட்டம். பாட்டில்லை, கிட்டார் இல்லை, வெறும் இரும்பும் ட்ரம்ஸும். எத்தனையோ தரம் காதுக்குள் மாட்டிக் கேட்டிருக்கிறேன், உருகியிருக்கிறேன். கடைசிச் சீற்றின் கீழிருந்து, அந்தப் பெட்டி வழியாகக் கேட்டபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை! திறப்பைத் திருப்பினால் பிளேயரும் நின்றுவிடும், மறுபடி இயக்கினால் என் கைபேசி விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் வண்டியும் பாட்டும் ஒன்றாகவே நின்று ஒன்றாகவே தொடங்கியிருக்கின்றன.

நான் கைப்பைக்குள் கையை விட்டுக் கைபேசியில் பாட்டை நிறுத்தினேன். எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை. செல்வம் அண்ணை தலையைத் தூக்கினார்.

"அண்ணை," என்றேன், "அது வண்டியில்லை. பாட்டு."

"இது பாட்டோ?"

"ஓம்."

"ஆர் பாடுறது?"

"இந்த இடத்தில பாடேல்ல அண்ணை. வாசிக்கினம்."

"என்னத்தை? கியர்பொக்ஸையோ?"

பஸ் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமாவின் வேட்டியில் இருந்த கிறீஸ் என்னைப் பார்த்தது. அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது. அதை இங்கே எழுதமுடியாது. நான் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன் தம்பி எழும்பி நின்றான்.

"அக்காவைப் பேசாதேங்கோ," என்றான். "எத்தினை வருசம் வண்டி ஓடின செல்வம் அண்ணையையும் மாமாவையும் ஒண்டா ஏமாத்தியிருக்கு எண்டா, எவ்வளவு துல்லியமா ஒலிப்பதிவு செய்திருப்பினம்!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் குனிந்து என் காதுக்குள் சொன்னான்: "இதுக்காக முதலிடம் தருவன் எண்டு நினையாதை."

அதற்குப் பிறகு செல்வம் அண்ணை ஓட்டியதை ஓட்டம் என்று சொல்லமுடியாது, பறப்பு. கிளிநொச்சியில் தலைப்பாகை கட்டி, காரில் ஏற்றி, உருத்திரபுரத்தில் இறங்கியபோது தர்சினியின் அப்பா வீதியிலேயே நின்றார். ஐயர் மந்திரங்களை எங்கள் பஸ்ஸின் வேகத்திலேயே சொல்லவேண்டியிருந்தது. முகூர்த்தம் தப்பவில்லை. மயிரிழையில் பிடித்துவிட்டோம்.

மணவறையில் தர்சினிக்குப் பக்கத்தில் நின்றேன். தர்சினி குனிந்த தலை நிமிராமல் உதடு மட்டும் அசைய, "ஏன் மச்சாள் பிந்தினது?" என்று கேட்டார். ஒளிக்க மனம் வரவில்லை. நானும் உதட்டை மட்டும் அசைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. பிள்ளை அழுகுது என்று பின்னால் ஒரு மாமி கண்ணைத் துடைத்தா. தம்பி தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்த அந்த நேரத்தில் தர்சினி சொன்னார்:

"பஸ்ஸை நிப்பாட்டின அல்பத்துக்குத்தான் என்ர வோட்."

கெட்டிமேளம் முழங்கியது. என் அல்பம் மூன்றுக்கு இரண்டு. தம்பியின் கலியாண அல்பத்தில் தாலி கட்டுகிற படத்தைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளை ஏன் பொம்பிளையைப் பாராமல் பக்கத்தில் நிற்கிற அக்காவை அப்படி முறைக்கிறான் என்று கேட்பார்கள். அந்தப் படத்தில் நான் சிரிப்பது பண்பான தோழியின் சிரிப்பு அல்ல, வென்றவளின் சிரிப்பு.

இப்போது ஒவ்வொரு மார்கழியும் எங்கள் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடித்தான் வாதம். சிவாவும் அன்ரனும் வருவார்கள். தர்சினியின் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்று இன்றுவரை ஒருவராலும் சொல்லமுடியாது. அம்மா குசினிக்குள் இருந்தபடியே ஒவ்வொரு அல்பத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்பா: "இது வண்டியை நிப்பாட்டுமோ?" நிறுத்தாது என்றால் அவவைப் பொறுத்தவரை அது முதலிடத்துக்குத் தகுதியில்லை.

போன மார்கழி கடைசி அல்பத்தைப் பெரிய சத்தத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம். முன்வீட்டுக்காரர் ஒரு ஸ்பானரோடு படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"என்ன அம்மா, உங்கட தண்ணிப் பம்ப் உடைஞ்சுபோச்சோ?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டா.

"பம்ப் இல்லைத் தம்பி," என்றா, தலையை நிமிர்த்தி. "இந்த வருசத்து முதலிடம். இருந்து கேளுங்கோ."