தறி ஓடினால்தான் பிரெஞ்சு

பாரீஸுக்கு நான்தான் போவேன் என்று முடிவு கட்டிவிட்டேன். மகள் அபிதாவைப் பார்த்து ரெண்டு வருஷமாகிறது. கண்ணுக்குள்ளேயே நிற்கிறாள். மருமகனோ இந்தத் தடவை ஒரு டிக்கெட்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார். அப்பாவா, அம்மாவா? அதற்கு அபிதா ஒரு பரீட்சை வைத்தாள். அவளும் மருமகனும் வேலைக்குப் போனபின் அங்கே தனியாக வெளியே போய்வர வேண்டுமே. பிரெஞ்சில் 'அல்லே' என்ற ஒரே ஒரு வினைச்சொல்லைப் படித்து ஒப்பிக்கிறவருக்கு டிக்கெட். அல்லே என்றால் போவது.

போவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான் போனால் 'ழ வே'. நம்ம ஊர்க்காரன் 'என்ன வே' என்று கூப்பிடுகிற மாதிரி 'வே' போட்டதில் எனக்கு ஒரு தெம்பு. நீ போனால் 'தூ வா'வாம். நாம் போனால் 'நூ ஸலோன்', ஆளே மாறிவிட்டான். சௌக்கியமா என்று கேட்கவும் இந்த அல்லேயைத்தான் கூப்பிட வேண்டுமாம். உட்கார்ந்து படித்தால் ஒட்டவே இல்லை. கடைசியில் விசைத்தறிகளுக்கு நடுவே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே படித்தேன். தறி 'டடக் டடக்' என்று அடிக்க, அந்தத் தாளத்துக்கு ழ வே, தூ வா, இல் வா என்று தானாகக் கொட்டியது.

மனைவி பேச்சித்தாய் ஓரமாகத் தறிக்குக் குச்சியில் நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நீ படிக்கலையா என்று கேட்டேன். எனக்கு அதுக்கெல்லாம் மண்டை ஏது, நீங்களே போயிட்டு வாங்க என்றாள். சத்தமாகப் படித்தால்தான் மனசில் நிற்கும் என்று யோசனையும் சொன்னாள். தங்கமான மனுஷி. தொண்டை கட்டும்வரை கத்தினேன். பரீட்சைக்கு நாள் குறிக்கிற வேலையையும் அவளிடமே விட்டேன். புதன்கிழமை பதினொரு மணி என்றாள்.

புதன்கிழமை போனில் அபிதா முகம் வந்தது. சொல்லுங்கப்பா என்றாள். தறி சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. திரும்பப் போட்டேன். தெருவே கம்மென்று கிடந்தது. மாதாந்திரப் பராமரிப்பாம், மத்தியானம் வரை ஊருக்கே கரண்ட் கிடையாது.

"ழ..." என்றேன். அதுக்கு மேல் வரவில்லை. தொடையில் தாளம் போட்டேன். குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நாக்கு நகரவில்லை.

பேச்சித்தாய் முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். மொத்தத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அதுக்கு மேலே பிரெஞ்சிலேயே சௌக்கியமும் விசாரித்தாள். அபிதா கைதட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, நீ எப்பம் படிச்ச?"

"நீங்கதான ஒரு மாசமாக் கத்துனிய. காதுல விழாமலா இருக்கும்?"

"இன்னைக்குக் கரண்ட் இருக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"பேப்பர்ல போட்டிருந்தான்," என்றாள் பேச்சித்தாய், பரணில் இருந்த பெட்டியை இறக்கச் சொல்லிக் கை காட்டியபடி. "பிரெஞ்சு படிக்கிற மனுசன் தமிழ்ப் பேப்பரும் படிக்கணும்லா."