எரியாத தீயை அணைத்த கதை

தீ மூட்டத் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்பது தோ க்வாங்-பே அவர்களின் கொள்கை. பட்டாளத்தில் இருந்தபோது வடக்கு எல்லையில், கொட்டும் பனியில், ஈர விறகில் தீ மூட்டியவர் அவர். நானும் பட்டாளத்துக்குப் போனவன்தான். ஆனால் அங்கே சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இந்த ரகசியத்தை அவர் மகளும் என் காதலியுமான யூன்-சல் வீட்டில் உளறிவிட்டாள்.

அதனால்தான் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் மூவரும் கங்வொன் மாகாணத்து மலையடிவார முகாம் திடலுக்கு வந்து சேர்ந்தோம். நான் தீ மூட்டிச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். தின்றுவிட்டு அவர் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் கல்யாணம். "தம்பி" என்றால் நான் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

நானும் கேட்டு, படித்து, பழகித்தான் வந்திருந்தேன். கூடாரத்துக்கு எட்டத்தில், காற்று அதிகம் படாத இடமாகப் பார்த்து, இரும்புத் தீத்தட்டை நிறுத்தினேன். சுற்றிலும் சருகைக் கூட்டித் தள்ளினேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர். சுள்ளி கீழே, விறகு மேலே. தீப்பெட்டியை எடுத்ததும் விசில் சத்தம் கேட்டது.

மாவட்ட அலுவலகத் தீப் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி பியோன் சங்-தே வந்து நின்றார். கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் அவசரத்துக்கு இன்னொரு விசில், கைகளில் தடித்த கம்பளிக் கையுறை.

"என்ன பண்றீங்க?"

"தீ மூட்டப்போறேன் சார்."

"அணைச்சாச்சா?"

"இன்னும் மூட்டவே இல்லையே சார்."

"அதைக் கேக்கல. அணைச்சாச்சா?"

நான் குனிந்து வணங்கினேன். எங்கள் நாட்டில் புரியாதபோது செய்வது அதுதான். அவர் இரக்கப்பட்டு விளக்கினார்.

"தீயை முழுசா அணைச்சு, தொட்டுப் பார்த்தா ஜில்லுனு இருக்கணும். இது விதி. ஆனா ஜனங்க என்ன பண்றாங்க? குளிர் காயறாங்க, அணைக்காமலே கிளம்பிடறாங்க. நாங்க யார் பின்னாடி ஓடறது? அதனால மேலிடத்துல உக்காந்து யோசிச்சு, அணைக்கறதை முன்னாடி கொண்டுவந்துட்டாங்க. அணைச்சுக் காட்டினாத்தான் மூட்ட அனுமதி."

"எரியாததை எப்படி சார் அணைக்கறது?"

"அதுதாங்க சுலபம். எரியறதை அணைக்கறதுதான் கஷ்டம்."

நான் வாளியையும் விறகையும் மாறி மாறிப் பார்த்தேன். க்வாங்-பே தொண்டையைச் செருமினார். "என்ன தம்பி முழிக்கிறே? அணைக்கக்கூடத் தெரியாதா?"

வாளியைக் கவிழ்த்தேன். அதிகாரி கையுறையோடு விறகைத் தடவிப் பார்த்தார்.

"நடுவுல கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கே."

"வெயில்ல கிடந்த விறகு சார்."

"வெப்பம் வெப்பம்தான். இன்னொரு வாளி."

மூன்றாவது வாளிக்குப் பிறகு அவர் நிமிர்ந்து நின்று உரக்கச் சொன்னார்: "மேற்படி தீ ஐயத்துக்கு இடமின்றி அணைந்துவிட்டதென இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது. இப்ப தாராளமா மூட்டிக்கலாம்."

தீப்பெட்டி காலியாகும் வரை முயன்றேன். விறகிலிருந்து தண்ணீர்தான் சொட்டியது.

"நாங்கெல்லாம் பட்டாளத்துல ஈர விறகுலயே..." என்று க்வாங்-பே ஆரம்பித்தார்.

"அப்பா, நீங்களே ஒரு தடவை காட்டுங்களேன்," என்றாள் யூன்-சல், வேறொரு தீப்பெட்டியை நீட்டி.

அவர் மண்டியிட்டு, கன்னம் வலிக்க ஊதினார். இருமல்தான் வந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "அந்தக் காலத்து ஈரம் வேற," என்றார்.

திடல் முழுக்க இதே நிலைமைதான். ஆனால் யார் முகத்திலும் வருத்தம் இல்லை. தீயைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பது எங்கள் நாட்டில் பெரிய மோஸ்தர், புல்மொங் என்று பேர். அதற்கென்றே விற்கும் குட்டை நாற்காலிகளில் அத்தனை பேரும் உட்கார்ந்து ஈர விறகை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எரியலையேன்னு கஷ்டமா இல்லையா?" என்று பக்கத்துக் கூடாரத்து மி-ரான் அம்மாளிடம் கேட்டேன்.

"எரியற தீயைப் பாக்கறதெல்லாம் போன வருஷத்து மோஸ்தர் தம்பி. புகை, கண் எரிச்சல், துணியெல்லாம் நாத்தம். இப்ப எல்லாரும் இதைத்தான் பாக்கறாங்க. மனசு அப்படியே அடங்கிடுது."

"அ-அ-அடங்கிடுது," என்றார் அவர் கணவர், குளிரில் பல் கிடுகிடுக்க.

பொழுது சாயும் நேரம் அதிகாரி தம் மரக் காவலறைக்குள் போனார். நாளெல்லாம் விறகைத் தொட்டுத் தொட்டு நனைந்த கையுறைகளை மின் அடுப்பின் மேல் காயப்போட்டார். சற்றைக்கெல்லாம் இரண்டு விசிலையும் ஒரே வாயில் ஊதிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். பின்னால் அறை எரிந்தது.

"தண்ணி! தண்ணி!"

ஆளாளுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லாம் காலி. குழாயும் வறண்டிருந்தது. திடலின் தண்ணீர் முழுவதும் எரியாத தீயை அணைக்கப் போயிருந்தது. என்ன செய்வது? ஒவ்வொருவராக நாற்காலியைக் காவலறைப் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.

"பழைய மோஸ்தர்தான்," என்றார் மி-ரான் அம்மாள், தீயின் பக்கம் கையை நீட்டிக் குளிர்காய்ந்தபடி. "ஆனாலும் பரவாயில்லை."

தீயணைப்பு வண்டி வருவதற்குள் அறை தானே எரிந்து தணிந்தது. அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இந்தத் திடல்லயே முன்னாடி அணைச்சுக் காட்டாத இடம் இது ஒண்ணுதான்! எரிஞ்சதும் இது ஒண்ணுதான்!"

கூட்டம் தலையாட்டியது. மறுக்க முடியாத உண்மை.

நான் கிழங்கைக் காவலறைக் கங்கின் ஓரத்தில் புதைத்துச் சுட்டு எடுத்தேன். க்வாங்-பே தோலை உரித்தார், ஊதினார், தின்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை," என்றார்.

யூன்-சல் என் கையைக் கிள்ளினாள். சந்தோஷத்தில் எனக்கு வலிக்கவில்லை.

"அந்த ஆள் சொல்றதுல விஷயம் இருக்கு மாப்பிள்ளை. கல்யாணம்னா சண்டை வரும். அதனால சண்டையை முன்னாடியே போட்டு, அணைச்சு வெச்சுடுங்க. நான் வந்து பாக்கறேன். ஜில்லுனு இருந்தா தேதி குறிக்கலாம்."

"எங்களுக்குள்ள சண்டையே இல்லையே ஐயா."

"அதுதான் சுலபம்."

ஒப்புக்குத்தான் சண்டையைத் தொடங்கினோம். அவள் என் பட்டாளத்து முட்டைக்கோஸை வம்புக்கு இழுத்தாள். நான் ஈர விறகை ஊதி வந்த அவள் அப்பாவின் இருமலை இழுத்தேன். வாராவாரம் அவர் வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, "நடுவுல கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் இன்னொரு வாளிச் சண்டை ஊற்றுவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஐயத்துக்கு இடமின்றி அணைந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார். இனி தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாமாம். யூன்-சலும் நானும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்யாணமான நண்பர்களிடம் சொல்லி அழுதேன். இதில் அழ என்ன இருக்கிறது, ரொம்ப நாளாக இதுதானே மோஸ்தர் என்கிறார்கள்.