அலமாரியின் காலடியில் ஒரு சிட்டிகைத் தூள்

இத்தாலியின் அரெட்சோ நகரில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஃபோஸ்கோ காலையில் கதவைத் திறந்தபோது, அக்ரூட் மர அலமாரியின் காலடியில் மறுபடியும் ஒரு சிட்டிகை மரத்தூள் கிடந்தது. நேற்றுதான் பெருக்கியிருந்தார்.

ஒன்றரை ஆள் உயரம், முன்னூறு வருஷம் பழசு. அதை வாங்க ஞாயிற்றுக்கிழமை க்ளேலியா அம்மாள் வருகிறாள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு மென்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியொரு சாமானை யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

அலமாரியில் பூச்சி போட்டிருந்த ஒவ்வொரு பழைய துளையிலும் ஊசியால் மருந்து ஏற்றினார். மறுநாள் கடை நாறியது. தூளும் இருந்தது.

"மருந்து பூச்சிக்கா, வாங்க வர்றவங்களுக்கா?" மனைவி நீவெஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"துளையையே அடைச்சுட்டா தூள் எப்படி வரும், சொல்லு."

மெழுகை உருக்கி எல்லாத் துளைகளையும் அடைத்துத் தேய்த்தார். அலமாரி போன வாரம் செய்ததுபோல் பளபளத்தது.

"முன்னூறு வருஷத்துல ஒரு பூச்சிகூட கடிக்கலையா? நானே நம்பமாட்டேன்" என்றாள் நீவெஸ்.

நியாயம்தான். மெழுகைத் தோண்டிப் பார்த்தார், ஆழத்தில் இறுகியிருந்தது. டிரில்லை எடுத்து, பக்கத்திலேயே புதிதாக இருநூறு துளை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை க்ளேலியா அம்மாள் கைப்பையிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தாள். மரம் தின்னும் பூச்சி ருசி பார்த்து வளைந்து வளைந்து போகும். அதனால் அசல் துளையில் ஊசி கொஞ்சத்திலேயே முட்டி நிற்கும். டிரில்லுக்கு ருசி கிடையாது. ஊசி முழுசாக உள்ளே போனது.

"நேரா நடக்கற பூச்சி. ராணுவத்துல இருந்துச்சா?"

"அம்மா, அலமாரி அசல். துளைதான் புதுசு."

"முப்பது வருஷமா உங்ககிட்ட வாங்கறேன். இன்னைக்கு வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் குத்திப் பார்க்கணும்." அவள் தரையைப் பார்த்தாள். "இந்தத் தூளும் உங்க கைவேலையா?"

"இல்லம்மா. சத்தியமா அது பூச்சி."

"டிரில் வெச்சிருக்கிறவர் பேச்சை எப்படி நம்பறது?"

முப்பது வருஷத்தில் ஃபோஸ்கோவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அலமாரியைத் தூக்கிப்போக வந்திருந்த வண்டிக்காரன் தூல்லியோவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் பாட்டுக்குக் கயிறு கட்ட ஏணியில் ஏறினான். அலமாரியின் தலையை விரலால் வழித்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

"மேல்பலகையில ஒரு துளைகூட இல்ல, ஆனா தூள் விரற்கடை கனத்துக்குக் கிடக்கு. பூச்சி உங்க உத்தரத்துல இருக்கு சார். அலமாரியை ரெண்டடி தள்ளி வெச்சிருந்தாப் போதும்."