சேஃப்டி அண்ணனின் அவசரத் தண்ணீர்

காலை ஆறு ஐம்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தாழ்வாரத்தை மறித்துக் கட்டியிருந்த மஞ்சள் கறுப்பு எச்சரிக்கை நாடா. அதற்குப் பின்னால் தண்ணீர் மட்டும் நிரம்பிய கண்ணாடித் தொட்டி. பக்கத்தில் முக்காலி போட்டு, தொட்டி ஒழுகுகிறதா என்று அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார் அடுத்த வீட்டுச் சேஃப்டி அண்ணன்.

"தம்பி, சுத்திப் போங்க. கண்ணாடி வெடிச்சா காலுக்கு ஆபத்து."

மின்தூக்கி நாடாவுக்கு அந்தப் பக்கம். அந்த மாடியில் சுற்றிப் போக வேறு வழி கிடையாது. மறுகோடிப் படியில் ஒரு மாடி இறங்கி, அங்கிருந்து மின்தூக்கியைப் பிடித்தேன்.

பயப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கி, அந்த வேலையில் ஒரு குறையும் வைக்காமல் ஓய்வுபெற்றவர் இந்தத் தீவில் அவர் ஒருவர்தான். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். பூன் லேயில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். வேலை போன பிறகும் பயம் போகவில்லை. மின்தூக்கியில் ஏறுமுன், பாரம் தாங்குமா என்று உள்ளே நிற்பவர்களின் உடம்பை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். அப்படிப் பார்க்கப்பட்ட சிலர் இறங்கிப் படியில் நடந்ததும் உண்டு.

தொட்டி வந்ததற்கும் பயமே காரணம். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருவது பேருந்தா லாரியா என்பதே சந்தேகம். வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்ய இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் ரத்த அழுத்தம் எகிறியதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் திரும்பினால், இருக்கிற கொஞ்சம் பார்வையோடு எத்தனை காலம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. பலதுறை மருந்தகத்துத் தாதி அவர் மனைவி சரோஜா அண்ணியிடம், மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் அடங்கும் என்று சொல்லியிருக்கிறார்.

மீன் தொட்டி வந்தது. அண்ணனின் ரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

வெறும் தண்ணீரில் மீன் விட்டால் கழிவு சேர்ந்து செத்துவிடும், உயிருள்ள செடி வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டார். செலவு செய்யவும் பயம். தொட்டியே யாரோ வீடு மாறும்போது கீழே விட்டுப் போனது. ஒழுகவில்லை என்று உறுதியானதும் அதை வீட்டுக்குள் வைத்து, பூச்செடி மண்ணைச் சலித்து அடியில் பரப்பி, மேலே மணல் போர்த்தினார். மகள் படித்த காலத்து மேசை விளக்கு சூரியன் ஆனது. பாசிர் ரிஸில் ஒருவர் தன் தொட்டியில் வெட்டிய கிளைகளைச் சும்மா தருகிறார் என்று தெரிந்ததும், ரயிலில் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார். திரும்பும்போது ஈரப் பையை மடியில் வைத்து, ரயிலின் குளிரில் செடிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தார்.

தேக்கா ஈரச்சந்தைக்கு நானும் துணைக்குப் போனேன். காங்கோங் கீரைக் கட்டுகளைப் புரட்டிப் புரட்டி வேர் தேடினார். எதற்கு என்று கேட்ட கடைக்கார அம்மாவிடம், மீன் தொட்டியில் நடுவதற்கு என்று விளக்கினார். அந்த அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார்.

"அப்படியே கொஞ்சம் மிளகாய்ச் சம்பாலும் போட்டுக் குடுங்க லா. மீன் நல்லா சாப்பிடும்."

செடி வேர் பிடித்ததும் சில கப்பி மீன்களை விட்டார். தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று வாளிகள். குளோரின் போக்கும் மருந்து கலந்த தண்ணீர். கொசுவுக்குப் பயந்து மூடி, மூடி நகருமோ என்று பயந்து மேலே கல். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் 'அவசரத் தண்ணீர்'. புளோக்கே சிரித்தது. நானும்தான்.

செடி வளரக் கரியமில வாயு வேண்டும். கடையில் அதற்குச் சிலிண்டர் விற்கிறார்கள். வீட்டுக்குள் சிலிண்டர் என்ற நினைப்பே அவருக்கு ஆகவில்லை. குளிர்பானப் போத்தலில் சீனியும் ஈஸ்ட்டும் தண்ணீரும் ஊற்றி, மூடியில் துளையிட்டு, மெல்லிய குழாயைத் தொட்டிக்குள் விட்டார். குழாயின் நுனியில் குமிழி வர வேண்டும். வருகிறதா என்று அவருக்குத் தெரியாது. எனவே தினமும் காலையில் என் கதவு தட்டப்படும்.

"தம்பி, குமிழி வருதா, கொஞ்சம் பாருங்க."

குறைவாக வருகிறது என்றால் செடி பட்டினி கிடக்குமே என்று பயம். நிறைய வருகிறது என்றால் மீனுக்கு மூச்சு முட்டுமே என்று பயம். நடுத்தரமாக வருகிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது முறை குறித்த நாளுக்கு முந்தின மாலை ஈஸ்ட் தீர்ந்துபோனது. சமையலறையில் அண்ணி அரைத்து வைத்த தோசை மாவு பொங்கிக்கொண்டிருந்தது.

"பொங்குதுன்னா என்ன அர்த்தம் தம்பி? உள்ள காத்து உண்டாகுது. அதே காத்துதான். ஈஸ்ட்டு எதுக்கு வீணா?"

போத்தலில் கழுத்துவரை மாவை ஊற்றி மூடினார். காற்றழுத்தம் எவ்வளவு ஆபத்தானது என்று கப்பல் பட்டறையில் ஆயுள் முழுக்க வகுப்பெடுத்தவர். தோசை மாவிடம் மட்டும் அவருக்குப் பயமில்லை.

காலையில் கதவு தட்டப்பட்டது. போனேன். தொட்டி முழுக்க வெள்ளை. பொங்கிய மாவு குழாய் வழியாகவே தொட்டிக்குள் இறங்கியிருந்தது. மீன் எதுவும் தெரியவில்லை. காங்கோங் இலைகள் மட்டும் பாலில் நட்டதுபோல மேலே நின்றன. புளித்த வாடை ஆளைத் தூக்கியது. ஆனால் அண்ணி அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்ததால் வீடு முழுக்கவே அந்த வாடைதான்.

"தம்பி, குமிழி வருதா?"

அண்ணி தோசைத் திருப்பியோடு எட்டிப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மிக லேசாகத் தலையசைத்தார்.

"வருதுண்ணே. நடுத்தரமா."

"எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கே."

"அதுக்குத்தானேண்ணே ஆஸ்பத்திரிக்குப் போறீங்க."

முகம் மாறியது. ஒரே ராத்திரியில் கண் இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று முணுமுணுத்தார். இரண்டு முறை கத்திக்குப் பயந்தவர், கத்தி கிடைக்காமல் போய்விடுமோ என்று முதல்முறையாகப் பயந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அண்ணிக்கு முன்னால் டாக்சியில் ஏறி உட்கார்ந்தார். சாவியை என் கையில் வைத்து, சேதி தெரிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு அண்ணியும் ஏறினார்.

நான் முதல் வாளியின் கல்லை எடுத்தேன். மேற்பரப்பில் வாய் பிளந்து தத்தளித்த கப்பி மீன்களைத் தேநீர் வடிகட்டியால் வாரி அதில் விட்டேன். மாவுத் தண்ணீரை இறைத்து, தொட்டியைத் துடைத்தேன். தொலைபேசி ஒலிக்கவில்லை. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றியிருந்தால், மாவுக்குத் தப்பியதைக் குளோரின் முடித்திருக்கும். மற்ற இரண்டு வாளிகளைத் தொட்டியில் கவிழ்த்து, முதல் வாளியையும் மீன்களோடு ஊற்றினேன். தொலைபேசி ஒலிக்கவில்லை. இலை இலையாக மாவை வழித்தேன். அந்த நேரத்தில் என் ரத்த அழுத்தத்தை அளந்திருந்தால் என்னையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அண்ணியின் குரல் கடைசியில் வந்தது. "பிரஷர் கொஞ்சம் கூடதான். பரவால்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு ஆபரேஷனுக்கு உள்ள போயிட்டாரு." பிறகு, மெதுவாக, "மீன்?" என்றார்.

மறுநாள் கண்கவசத்தை எடுத்ததும் நேராகத் தொட்டிக்கு வந்தார். செடிகளைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"அவசரத் தண்ணி எங்க?"

அண்ணி தோசை மாவுப் பாத்திரத்தைக் கண்ணால் காட்டினார்.

"மீன் ஏதாச்சும் போச்சா?"

"ஒண்ணும் போகலண்ணே."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"பிரஷர் ஏறியிருக்கும்."

"ஏறியிருக்கும்," என்று ஒப்புக்கொண்டார்.

அன்று மாலையே வாளிகள் நிரம்பி, மூடி, கல் ஏறியிருந்தன. நான்காவதாக ஒரு புது வாளியும் சேர்ந்திருந்தது. போத்தலில் மறுபடியும் ஈஸ்ட்.

அடுத்த நாள் காலை ஆறு ஐம்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. அவருடைய வலது கண் இப்போது என் கண்ணைவிடத் தெளிவு.

"தம்பி, குமிழி வருதா, கொஞ்சம் பாருங்க."

போய்ப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தது.