கயிறு பிடித்தவர்

"கவலையே படாதீங்க சார். கயிறு பிடிச்சிருக்கிறவரை அப்புறமா அழிச்சிடுவேன்" என்றார் போட்டோக்காரம்மா.

இணை இயக்குநருக்குக் காது சூடாகிவிட்டது. எடை அளவைத் துறையில் முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அவரை ஊர் ஊராக மாற்றியிருக்கிறார்கள், ஓரம் கட்டியிருக்கிறார்கள், ஒருமுறை மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனால் அழித்துவிடுவதாக யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

"அழிக்கிறதுன்னா?"

"கம்ப்யூட்டர்லதான் சார். இவ்ளோ பெரிய நாயைக் கயிறில்லாம மேடையில ஏத்த முடியாது. அதனால கயிறோட எடுப்போம். அப்புறம் கயிறு, கயிறு பிடிச்ச கை, கைக்குச் சொந்தக்காரர், எல்லாத்தையும் துடைச்சிடுவோம். நீங்க இருந்த தடமே தெரியாது."

"வலிக்காதுங்க" என்றாள் மனைவி. அவள் மூலையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு கணக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நாய்களை மட்டும் படமெடுக்கிற ஸ்டூடியோ அது. சுவர் முழுக்க நாய்கள். சும்மா நாய்கள் இல்லை. தீர்ப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற நாய்கள், பதவி ஏற்கப்போகிற நாய்கள், சுயசரிதை எழுத நேரமில்லாத நாய்கள். உள்ளே நுழைந்தபோது இணை இயக்குநர் தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்.

அந்தச் சட்டையைப் பற்றியும் அவருக்கு வருத்தம் உண்டு. அவர் போட்டுக்கொள்ள நினைத்தது கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. "அந்தப் பழைய நீலத்தைப் போடுங்க. பெரியவருக்குப் பழகின வாசனை" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

பெரியவர் என்பது நாயின் பெயர். நாற்பத்தோரு கிலோ முந்நூறு கிராம். அலுவலகத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தது, அதில் தப்பு வராது. குட்டியாக வந்த முதல் நாளே, வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் தப்பான படிவம் நிரப்பிக்கொண்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்ததால் அந்தப் பெயர். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் 'அவர் சாப்பிட்டாரா?' என்று கேட்டால் அது இணை இயக்குநரைக் குறிக்காது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். சுவர் விஷயம்தான் பொறுக்க முடியவில்லை.

வாசல் கதவைத் திறந்ததும் எதிரே தெரிகிற ஹால் சுவர். வெள்ளையடித்த பிறகு காலியாக இருக்கிறது. அதில் தன் படம் ஒன்று பெரிதாக, கை கட்டிக்கொண்டு, பின்னால் ஒரு தராசோடு தொங்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு மனிதனுக்கு சொந்த வீட்டில் ஒரு சுவர்கூடவா கிடைக்காது?

கிடைக்கவில்லை. காரணம், அவர் முகம். நேரில் சுமாரான முகம்தான். ஆனால் கேமரா என்று ஒன்றைக் கண்டால் மதிய இடைவேளைக் கவுன்ட்டர் மாதிரி படக்கென்று மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பத்தில் அவர் மாப்பிள்ளையாக இல்லை. மண்டபத்தைச் சோதனை போட வந்தவராக இருந்தார். பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துவிட்டு விமான நிலையத்தில் இரண்டு முறை தனியறைக்கு அழைத்துப்போனார்கள்.

"வர்றவங்க வாசல்லயே திரும்பிப் போயிடுவாங்க. சுவர்ல பெரியவரை மாட்டலாம்" என்று மனைவி முடிவு செய்தாள். அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் மூன்றாம் நாள் பேசினார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது.

"சரி. ஸ்டூடியோவுல ஒரு மணிக்குள்ள பெரியவர் படம் நல்லா அமையலைன்னா சுவர் உங்களுக்கு. எந்தப் படத்தை வேணும்னாலும் மாட்டிக்கோங்க. நான் வாயே திறக்கமாட்டேன்."

"நிஜமா?"

"கண்ணையும் திறக்கமாட்டேன்."

இப்போது மணி பதினொன்று. இன்னும் இரண்டு மணி நேரம் நாய் அடங்காமல் இருந்தால் போதும்.

பெரியவர் அடங்கவில்லை. முதலில் போட்டோக்காரம்மா கேமராவுக்கு மேலே ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்தார். பெரியவர் மேடையேறி, லென்ஸைப் பார்த்து, இதோ உட்காரப்போகிறார் என்கிற நேரத்தில் மூலையில் சரசரவென்று ஒரு சத்தம். திரும்பி இறங்கிவிட்டார்.

"பையை ஏம்மா திறக்கறே?"

"பேனா எடுத்தேங்க."

இணை இயக்குநர் மனைவியைக் கடிந்துகொண்டார்; உள்ளுக்குள் அந்தப் பேனாவுக்கு நீண்ட ஆயுள் வேண்டினார்.

அடுத்தது கீச்சு பொம்மை. இரண்டு கையும் கேமராவில் இருந்ததால் போட்டோக்காரம்மா ரப்பர் வாத்தை வாயில் கவ்வி, பல்லாலேயே கீச் கீச்சென்று அமுக்கினார். ஐம்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டவர், கூச்சமே இல்லை. பெரியவர் எழுந்து வந்து அவர் வாயிலிருந்து வாத்தை மெதுவாக எடுத்து, திரும்பிப் போய், எச்சில் வடிய இணை இயக்குநரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு நின்றார்.

"உங்க மேல எவ்ளோ பிரியம் பாருங்க! தொண்டையைக் கனைச்சு நீங்களே ஒருதடவை சொல்லிப்பாருங்களேன் சார்."

இணை இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். அளவைக் குறைக்கிற பெட்ரோல் பம்புக்காரர்களிடம் பேசுகிற குரலை எடுத்தார்.

"இங்க பாருங்க. இது கடைசி எச்சரிக்கை. உட்காருங்க!"

பெரியவர் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டில் அதைப் பயன்படுத்த இணை இயக்குநருக்குச் சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. நாய் மிரண்டு பின்திரைக்குள் புகுந்தது. கயிறு விளக்குக் கம்பத்தைச் சுற்றியது. கம்பம் திரையை இழுத்தது. கூரையிலிருந்து திரையின் பழுப்புக் காகிதச் சுருள் உருண்டு உருண்டு வந்து, கயிற்றின் இந்த முனையில் இருந்தவரைத் தலையோடு மூடியது.

"நான் இங்க இருக்கேன்" என்றது காகிதம்.

"தெரியுது சார். தலையை மட்டும் வெளிய எடுங்க. அசையாதீங்க. வெளிச்சம் நல்லா விழுது" என்றபடி போட்டோக்காரம்மா நாலைந்து முறை க்ளிக்கினார்.

"நாய் அந்தப் பக்கம் இருக்கு!"

"ஆங், லைட் செக் பண்றேன்."

திரையை மறுபடி ஏற்ற அரை மணி ஆனது. பிறகு போட்டோக்காரம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க மேலேருந்து பேசறீங்க. அதிகாரின்னு நினைச்சுப் பயப்படறாரு."

"நான் அதிகாரிதான்."

"அது அவருக்குத் தெரியவேணாம். முட்டி போடுங்க. அவர் கண்ணுக்கு நேரா வாங்க."

இணை இயக்குநர் மனைவியைப் பார்த்தார். அவள் யாருக்கோ பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஷூவைக் கழற்றினார். முட்டி போட்டார். மூக்குக் கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டு நாய்க்குக் கண் கூசுகிறது என்றதும் அதையும் கழற்றினார். முகம் நாக்குக்கு எட்டுகிற உயரத்தில் வந்தது கண்டு பெரியவர் அவர் நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரே இழுப்பாக நக்கினார். இருபது வருஷமாக இடப்பக்கம் படிந்திருந்த முடி முதல்முறையாக எழுந்து நின்றது.

அவர் கை தலைக்குப் போனது.

"தொடாதீங்க! கை அசைஞ்சா அவர் கவனம் சிதறிடும்."

மணி பன்னிரண்டு நாற்பது. ஷூ போச்சு, கண்ணாடி போச்சு, தலை போச்சு. ஆனால் சுவர் பக்கத்தில் வந்துவிட்டது. எந்த அளவு ஃப்ரேம் போடலாம், தராசு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று அவர் மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் போட்டோக்காரம்மா எல்லா விளக்குகளையும் அணைத்தார்.

"கடைசியா ஒண்ணு. ஒரே ஒரு விளக்கு."

பக்கவாட்டிலிருந்து, வெள்ளைத்துணி போர்த்திய பெரிய விளக்கு ஒன்று மெதுவாக உயிர் பெற்றது. அறை இல்லாமல் போயிற்று. கயிறு, கம்பம், காகிதம் எல்லாம் இருட்டுக்குள் போய்விட்டன. யாரும் கூப்பிடாமல் பெரியவர் மேடையேறி உட்கார்ந்தார்.

இணை இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார்.

ஒன்பது வருஷமாகக் காலடியில் கிடக்கிற நாய். காலையில் செருப்பு தேடும்போது தடுக்குகிற நாய். இதுவா அது? கழுத்து ரோமம் ஒவ்வொன்றிலும் ஒளி தனித்தனியாக ஏறி நின்றது. மூக்குக்கு மேலே எப்போது நரைத்தது? கண்ணுக்குள் தேன் நிறத்தில் ஒரு ஆழம். அதன் அடியில் யாரோ அமைதியாக உட்கார்ந்துகொண்டு வெளியே பார்க்கிறார்கள். நியமன உத்தரவு இல்லை, சீனியாரிட்டி பட்டியல் இல்லை, பின்னால் தராசு இல்லை. கை கட்டவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறது, உட்கார்ந்த இடம் சபையாகிவிட்டது.

நாற்பத்தோரு கிலோ முந்நூறு கிராம் என்று எழுதி வைத்திருந்தேனே, என்று நினைத்தார். எதை நிறுத்தேன்? இத்தனை பெரிய ஒன்று என் வீட்டில் சோறு தின்றுகொண்டு, நான் ஆபீசிலிருந்து வரும் நேரத்துக்கு வாசலில் எழுந்து நின்றுகொண்டு இருந்திருக்கிறதே. எழுந்து நிற்கவேண்டியது யார்?

வாய் திறந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை. முட்டி வலியும் தெரியவில்லை.

"மணி ஒண்ணுங்க" என்றாள் மனைவி இருட்டிலிருந்து. "படம் அமையல போல. சுவர் உங்களுக்குத்தான். கிளம்பலாமா?"

பையை எடுக்கிற சரசரப்பு. பெரியவரின் காது லேசாகத் திரும்பியது.

"பையைத் தொடாதே!" என்றார் இணை இயக்குநர் கிசுகிசுப்பாக. "அம்மா, விளக்கை அணைச்சிடாதீங்க. அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம். இவரைப் பாருங்கம்மா... இப்படி உட்கார்ந்திருக்காரு, இவரை விட்டுட்டு எப்படிப் போறது?"

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே?" என்றாள் மனைவி. "அப்புறம் சுவரு?"

"சுவர் அவருக்குத்தான்!" பார்வையை எடுக்காமலே சொன்னார். "எனக்கெதுக்கு சுவரு? நாலு சுவரும் அவருக்கே இருக்கட்டும்."

க்ளிக்.

"கிடைச்சிடுச்சு" என்றார் போட்டோக்காரம்மா. அவர் குரலும் சற்று இறங்கித்தான் இருந்தது. மூலையில் சிவப்புப் பேனாவை மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரம் முழுவதும் இணை இயக்குநர் வேறு ஆளாக இருந்தார். மாலையில் வாசலில் பெரியவர் எழுந்து நிற்கும்போது இவரும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆபீசில் சக அதிகாரியிடம், "சார், நாம நாயைப் பார்க்கறோம்னு நினைக்கறோம். பார்க்கறதே இல்ல" என்றார். சக அதிகாரி அன்றைக்கே அவருக்கு மெடிக்கல் லீவு மிச்சம் எவ்வளவு என்று விசாரித்தார். ஹால் சுவரில் ஆணியை அவரே நூல் பிடித்து, மட்டம் பார்த்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் அடித்தார்.

படம் தயார் என்று தகவல் வந்ததும் மனைவிக்குக்கூடச் சொல்லாமல் மதியமே ஓடினார். உள்ளே யாருடைய நாய்க்கோ படப்பிடிப்பு, வாத்து கீச்சிட்டுக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் பழுப்புத்தாள் சுற்றிய பெரிய சட்டத்தை எடுத்து வைத்தாள். வீடு வரை பொறுக்க முடியவில்லை. அங்கேயே பிரித்தார்.

படத்தில் ஒரு மனிதர் இருந்தார்.

யாரென்று தெரியவில்லை. முட்டி போட்டு, தலை கலைந்து, எதையோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பக்கம் ஒளி. கண் நிறைந்து, வாய் லேசாகத் திறந்து, உலகத்தில் தனக்கு வேண்டியது எதுவுமே பாக்கியில்லாத ஒருவரைப் போல. நல்ல மனிதராகத் தெரிந்தார். பார்த்தவுடன் பழகிக்கொள்ளத் தோன்றுகிற முகம். இப்படி ஒரு முகம் தனக்கு வாய்க்கவில்லையே என்று இணை இயக்குநருக்குச் சின்னதாகப் பொறாமைகூட வந்தது.

பிறகுதான் அந்த நீலச் சட்டை கண்ணில் பட்டது.

படத்தின் இந்த மூலை, அந்த மூலை எல்லாம் தேடினார். ஓரத்தில் கலங்கலாக ஒரு காது நுனி, அவ்வளவுதான்.

"என்னம்மா இது, படம் மாறிப்போச்சே! பெரியவர் எங்க?"

அந்தப் பெண் தேதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாறலையே சார். பெரியவர் போன மாசமே உங்க வீட்டம்மாவோட வந்து, சொன்ன இடத்துல உட்கார்ந்து, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. நீங்க வந்த அன்னைக்கு அவங்க புக் பண்ணியிருந்தது உங்களைத்தான், அவர் சும்மா உதவிக்கு வந்திருந்தாரு."