விரிசலுக்கு ஒரு முழுப் பக்கம்

"மறுபடியும் அங்கேயே போய் உட்காருது பாரு, சனியன்!"

தகரக் கொட்டகைக்குள் மேசையை ஓங்கி அறைந்தாள் என்ஜினியர். பேனா உருண்டு கீழே விழுந்தது. வெளியே கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேலையிடத்தில் அவளுக்குப் 'பட்டாசு' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் மட்டும் யாருக்கும் இல்லை.

வெளியூரில் இருக்கும் ஒரு டாக்டர் தம்பதிக்காக அவளுடைய கம்பெனி ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தது. மனை வாங்கியதோடு சரி, வேலை தொடங்கிய பிறகு அவர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மாதாமாதம் ரிப்போர்ட் போகும். கணக்கு, அட்டவணை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே போட்டுவிடும். படங்களையும் அவற்றுக்குக் கீழே குறிப்புகளையும் மட்டும் மனிதர் கையால் சேர்க்க வேண்டும். வம்பு அங்கேதான். படத்தை நகர்த்தினால் குறிப்பு நகராது. குறிப்பை நகர்த்தினால் பக்கமே நகரும்.

இந்த மாதம் அவள் சேர்த்தே தீருவது என்று முடிவு செய்திருந்தது ஒரே ஒரு படம். முன்வாசல் தூணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "பூசி மொழுகிடும்மா" என்பதைத் தவிர அந்த மனிதர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. நாளைக்கு அந்தத் தூணுக்குக் கீழே நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல் சூடாகும்.

முதல் பக்கத்தில் தூணை வைத்து, அடியில் எழுதினாள்: 'உள்ளே சரக்கு இல்லை. மேல்பூச்சு மட்டுமே. உடனே அகற்ற வேண்டும்.'

மேனேஜர் உள்ளே வந்தார். ஸ்கிரீனைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, எடுத்த எடுப்பிலேயே எழவுச் சேதி மாதிரி? இதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளு."

"தள்ள மாட்டேன் சார்."

"நான் தூக்கச் சொல்லலையே, தள்ளத்தானே சொல்றேன்?"

பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைக் கடைசிக்கு இழுத்தாள். காலியான இடத்துக்கு இரண்டாம் பக்கத்திலிருந்த மேனேஜரின் படம் துள்ளி வந்து உட்கார்ந்தது. ஹெல்மெட்டும் சிரிப்புமாக மேனேஜர். அடியில்: 'உள்ளே சரக்கு இல்லை. மேல்பூச்சு மட்டுமே. உடனே அகற்ற வேண்டும்.'

"ஏய்! வேணும்னே பண்றியா?"

"நான் பண்ணலை சார். அதுவாப் பண்ணுது. அதுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு."

"மாத்து! முதல்ல மாத்து!"

மாற்றினாள். மேனேஜரின் குறிப்பு கிளம்பிப் போய் விரிசல் தூணின் அடியில் ஒட்டிக்கொண்டது. 'இந்தத் திட்டத்தை முழுவதுமாகத் தாங்கி நிற்பவர். இவர் இருக்க, கவலை ஏன்?'

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இந்த ஆள் ஜெயித்துவிடுவார் என்று அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள்.

"உங்க படத்தையே தூக்கிடறேன். எல்லாம் சரியாயிடும்."

"என் படம் எதுக்கும்மா உன் கண்ணை உறுத்துது? நான் ஒரு படம் தரேன், அதை முன்னாடி போடு. எதிர்மாடியில ஏறி எடுத்தேன். மொத்தக் கட்டடமும் சும்மா ராஜா மாதிரி நிக்குது. அதைப் பார்த்தவன் விரிசலையெல்லாம் பார்க்க மாட்டான்."

"ஆக, மறைக்கணும்."

"மறைக்கலைம்மா. அழகுபடுத்தறேன்."

மேனேஜர் தன் போனிலிருந்து அனுப்பிய படத்தை அவள் உள்ளே போட்டாள். அது ஒரு பக்கத்தையே அடைத்துக்கொண்டு வீங்கியது. சும்மா இருந்த விரிசல் படமும், நான் மட்டும் இளைத்தவனா என்பதுபோல் கூடவே வீங்கியது. இப்போது அந்த விரிசலுக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம்.

"ஐயையோ, சின்னதாக்கு! சின்னதாக்கு! தள்ளு நீ, நான் பார்த்துக்கறேன்!"

மேனேஜர் மவுஸைப் பிடுங்கினார். இடப்பக்கம் அமுக்கினார், வலப்பக்கம் அமுக்கினார், கண்ணில் பட்ட பச்சைப் பட்டனையும் அமுக்கினார். 'அறிக்கை உரிமையாளருக்கு அனுப்பப்பட்டது' என்றது கம்ப்யூட்டர்.

மேனேஜர் சட்டென்று மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

சற்று நேரத்தில் டாக்டரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மேனேஜர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவள் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேலை போனால் போகட்டும்.

"உடனே அகற்றணும்னு எழுதியிருக்கீங்களே," என்றார் டாக்டர், "மேனேஜரையா, தூணையா?"

"தூணைத்தான் சார். ஆனா எழுதினது ரெண்டுக்கும் பொருந்தும்."

"ஏம்மா!" என்று பதறினார் மேனேஜர்.

"நீங்க சும்மா இருங்க சார்! இவ்வளவு நாளா நான்தான் சும்மா இருந்தேன்." அவள் குரல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "டாக்டர், அந்தத் தூண் நிக்காது. பூசி மறைக்கச் சொல்றாங்க. நான் மறைக்க மாட்டேன். உங்க பணம், உங்க பேரு, உங்களை நம்பி வர்ற ஜனங்க. படத்தைப் பார்த்த பிறகும் உங்களுக்குக் கோபம் வரலைன்னா, நீங்க டாக்டரா இருந்து என்ன பிரயோஜனம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அதுவரை ரிப்போர்ட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி மெல்ல ஸ்கிரீனுக்குள் தலையை நீட்டினாள்.

"தூண் விழுந்தா விழட்டும்மா, அதுக்கு எங்களை ஏன் திட்டறே? இதுவரைக்கும் வெறும் சுவரையும் கம்பியையும் கிட்டத்துல எடுத்து அனுப்பினீங்க, எங்களுக்கும் தெரியலை. இந்தப் பெரிய படத்துல கட்டடத்துக்குப் பின்னாடி வேலி போட்டுப் புல்லு மண்டிக் கிடக்குதே, அதுதான் எங்க மனை. இதை யாரோட இடத்துல கட்டிக்கிட்டு இருக்கீங்க?"