பெண் பார்க்கையில் குறுக்கே போன ஜப்பான் பூனை

திருச்சுழி,
1992, வைகாசி.

சிங்கப்பூரில் சீராக இருக்கும் என் அண்ணன் மகன் ராஜகுருவுக்கு, சித்தப்பன் தவசி சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஜெகதீஸ்வரி எழுதுவது. இங்கே மழை நலமில்லை, மற்ற எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று.

லீவில் வந்தபோது ஒரு டிவியும், கேசட் போட்டுப் படம் ஓட்டுகிற டெக்கும், பேசுகிற பூனை உள்ள ஜப்பான் பொம்மைப் படம் ஒன்றும் வைத்துவிட்டுப் போனாயே, நன்றாக இருப்பாயா நீ? உன்னைச் சொல்லி என்ன. பஞ்சத்தில் கம்பங்கூழுக்கே வழியில்லாத வருசம், பேசும் கிளி என்று அருப்புக்கோட்டையில் வாங்கி வந்தவன் உன் அப்பன். அது வருசம் பூராவும் வாயைத் திறக்கவில்லை. திறந்த அன்றைக்கு அவனைத்தான் வைதது. அந்த வித்துதானே நீ.

ஜெகதீஸ்வரியைப் பார்க்க எம்.ரெட்டியபட்டியிலிருந்து பூமிநாதன் வீட்டார் வந்தார்கள். பூமிநாதன் தங்கமான பையன். அவன் தாய்மாமன் ஐயாத்துரைதான் அங்கே எல்லாம். கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற ஆள். முன்பே இரண்டு நல்ல நாள் அப்படி வீணாகி, இந்த முறை பூனை விரட்ட ஓர் ஆளை முன்னால் நடக்கவிட்டுத்தான் வந்திருக்கிறார். நானும் நம் வீட்டுப் பூனையைக் கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தேன். உன் சித்தி முத்துத்தாய் பெருமைக்கு உன் படத்தைப் போட்டாள்.

பூனையா அது? இரண்டு காலில் நிற்கிறது. நிலாவைத் திருடிச் சோற்றுப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, கேட்க வந்த கிழவனிடம் கையை விரித்து நியாயம் பேசுகிறது. நம் ஊர்ப் பூனைக்கு என்ன, பேசத் தெரியாதா? திருடிவிட்டுப் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அந்த அறிவுகூட இல்லாததைப் படம் பிடிக்க ஜப்பானில் ஆள் இருக்கிறான், அதைச் சுமந்து வர நீ இருக்கிறாய்.

இவள் காப்பித் தட்டோடு வந்தாள். பையன் தலையை நிமிர்த்தினான். அந்த நேரம் பார்த்து அந்தச் சனியன் டிவியில் குறுக்கே ஓடிற்று. ஐயாத்துரை எழுந்துவிட்டார்.

"வார வழியெல்லாம் ஆளு விட்டு வெரட்டிட்டு வாரேன். நீங்க உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுக் குறுக்க விடுறீகளே!"

"அது பொம்மைங்க" என்றாள் முத்துத்தாய்.

"பொம்மையோ என்னமோ, குறுக்க போச்சா இல்லையா?"

"டிவிக்குள்ளதான போச்சு?" என்றேன் நான்.

"பொண்ணு அந்தப் பக்கம், மாப்பிள்ளை இந்தப் பக்கம். டிவி எங்கய்யா இருக்கு? நடுவுலதான இருக்கு!"

அப்போது அந்தப் பூனை எங்கள் பக்கம் திரும்பி என்னவோ சொல்லிச் சிரித்தது. தன்னைத்தான் சொல்கிறது என்று முடிவுகட்டிவிட்டார் மனுசன். துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பினவர் பஸ் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி தட்டிலேயே ஆறிப் போயிற்று. இவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுதடி என்றேன். இதற்கு மேல் உன்னைச் சொன்ன சொல் ஒன்றையும் எழுத மறுக்கிறாள், நீயே நினைத்துக்கொள்.

வந்து உன் சாமான்களை எடுத்துப் போ. இல்லையென்றால் கிணற்றில் போடுவேன். தண்ணீர் இல்லாத கிணறு, விழுகிற சத்தம் சிங்கப்பூருக்கே கேட்கும். ஆனாலும் அண்ணன் பிள்ளை. நம் குலசாமி உன்னைக் காக்கட்டும். பூனையை விட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
தவசி (கைநாட்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பூமிநாதன் மாமனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். டெக்கில் எதையோ அமுக்கிப் படத்தைப் பின்னால் ஓட்டினான். பூனை வாலை முன்னே நீட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. இன்னும் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி, வந்தது போயிருச்சு" என்றார் ஐயாத்துரை. ஆவணியில் கல்யாணம். அதுவரை யாரும் முன்னால் ஓட்டிவிடக் கூடாது என்று கேசட்டைத் துண்டில் முடிந்து கையோடு கொண்டுபோய்விட்டார். ஆகவே, மேலே நான் வைததையெல்லாம் நீயும் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் படித்துக்கொள்.